பாக்கெட்டைக் கண்ணால் பார்

அன்பு மகளுக்கு,

ஐந்தாம் செமஸ்டரில் நெட்வொர்க்ஸ் தொடங்கிவிட்டது, ஏழு அடுக்குகளையும் மனப்பாடம் செய்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். 2 மார்க் கேள்விக்கு அது உதவும். அதோடு நின்றுவிடாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தில் வரும் விதிகள் பலவும் யாரோ பட்ட அவஸ்தைக்குப் பிறகு வந்தவை. அந்த அவஸ்தை என்னவென்று தெரிந்துகொண்டால் விதி தானாக மனசில் நிற்கும். டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டையே எடுத்துக்கொள். 13 மார்க் கேள்வி என்று குறித்து வைத்திருப்பாய். 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு வெறும் 40 பிட்டுக்கு இறங்கிவிட்டது. பாக்கெட் போய்ச் சேரவில்லை என்று நினைத்த ஒவ்வொரு கணினியும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பியது. அனுப்ப அனுப்ப வழி இன்னும் அடைத்துக்கொண்டது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதை ஆராய்ந்து தீர்வு சொன்னார்கள். கட்டுரை 1988இல் வந்தது. முதலில் ஒரு பாக்கெட், ஒப்புதல் வந்தால் 2, பிறகு 4, 8. ஒரு வரம்பைத் தொட்டதும் ஒவ்வொன்றாக ஏற்று. பாக்கெட் தொலைந்தால் வழி நெரிகிறது என்று புரிந்துகொண்டு சட்டென்று குறை. உன் புத்தகத்தில் ரம்பப் பல் போல ஏறி இறங்கும் வரைபடம் இதுதான். மேலிருந்து யாரும் கட்டளையிடுவதில்லை. ஒவ்வொரு கணினியும் தானாக விட்டுக்கொடுக்கிறது. இத்தனை வருஷமாகியும் எனக்கு இந்த வியப்பு தீரவில்லை.

அடுத்தது, பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பது. அதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் இலவசம்தான். அதை ஓடவிட்டு, பிரவுசரில் இதுவரை போகாத ஒரு தளத்தைத் திற. பெரும்பாலும் முதலில் டிஎன்எஸ் கேள்வி போகும், ஐபி முகவரி பதிலாக வரும். பிறகு ஸின், ஸின்-ஆக், ஆக் என்று மூன்று வரி. வகுப்பில் அம்புக்குறி போட்டு விளக்கிய அதே ஹேண்ட்ஷேக். சில பெரிய தளங்களில் இந்த மூன்று வரியைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். அவை யுடிபி மேல் ஓடும் க்விக்கையும் பயன்படுத்துகின்றன. அதன் தரநிலை 2021இல்தான் வந்தது, பழைய புத்தகத்தில் இருக்காது. உங்கள் மேடத்திடம் கேள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உன் லேப்டாப்பில் வந்து போவதை மட்டும் பார். ஹாஸ்டல் வைஃபையில் மற்றவர்களுடையதை எட்டிப்பார்க்காதே.

ஆனால் சப்நெட்டிங் திரையில் பார்த்து வராது, தாளில் போட்டுப் பழகினால்தான் வரும். /26 என்றதும் 64 முகவரி, அதில் கருவிகளுக்கு 62 என்று கை தானாக எழுத வேண்டும். இன்டர்வியூவிலும் கேட்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே வயர்ஷார்க்கைப் போட்டுவிடு. திரையில் வந்ததில் எந்த வரி புரியவில்லையோ, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா