இரு விமான நிலையங்களுக்கிடையே மிகக் குறுகிய தூரம் காணல்

உலகப் படத்தில் இரு நகரங்களை அடிமட்டத்தால் இணைத்து, விமானம் செல்லும் பாதை அதுவே என எண்ணுவது மாணவர் பலர் விடும் தவறாகும். படம் தட்டையானது, புவியோ கோளம். கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையத்தையே தனது மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். பூமத்திய கோடு ஒரு பெருவட்டம். ஏனைய அகலக்கோடுகள் சிறுவட்டங்களே.

உதாரணம்:
நியூயோர்க் கென்னடி விமான நிலையம் (40°38′ வடக்கு, 73°47′ மேற்கு), பெய்ஜிங் தலைநகர் விமான நிலையம் (40°05′ வடக்கு, 116°35′ கிழக்கு) ஆகியவற்றுக்கு இடையிலான தூரத்தைக் காண்க. இரண்டும் 40° வட அகலக்கோட்டில் உள்ளனவெனக் கொள்க. புவியின் ஆரை 6370 கி.மீ.

தீர்வு:
ஒன்று மேற்கிலும் மற்றையது கிழக்கிலும் இருப்பதால் நெட்டாங்குகளைக் கூட்டுதல் வேண்டும்.
73°47′ + 116°35′ = 190°22′
இத்துடன் நிறுத்திப் புள்ளிகளை இழப்போர் பலர். இது 180° இலும் கூடியது. எனவே மறுபக்கக் கோணத்தை எடுக்க வேண்டும்.
360° − 190°22′ = 169°38′, அதாவது ஏறத்தாழ 170°.

முதலில் அகலக்கோட்டின் வழியே செல்வதாகக் கொள்வோம்.
புவியின் பரிதி = 2 × 22/7 × 6370 = 40040 கி.மீ.
40° அகலக்கோட்டின் பரிதி = 40040 × கோசைன் 40° = 40040 × 0.7660 = 30671 கி.மீ.
தூரம் = 30671 × 170/360 = 14480 கி.மீ. (ஏறத்தாழ)

இனிப் பெருவட்டப் பாதை. இரு நிலையங்களையும் புவியின் ஊடாக நேராக இணைக்கும் நாணை மனதிற் கொள்க. இந்த நாண் சிறுவட்டத்துக்கும் பெருவட்டத்துக்கும் பொதுவானது. கணக்கின் திறவுகோல் இதுவே. படம் வரைந்து பார்த்தால் தெளிவாகும்.
சிறுவட்டத்தில், அரை நாண் = 6370 × கோசைன் 40° × சைன் 85°
பெருவட்டத்தில், அரை நாண் = 6370 × சைன் (மையக்கோணத்தின் அரைவாசி)
இரண்டும் சமனாதலால்,
சைன் (அரைவாசிக் கோணம்) = 0.7660 × 0.9962 = 0.7631
அட்டவணையிலிருந்து அரைவாசிக் கோணம் 49°44′. ஆகவே மையக்கோணம் 99°28′, அதாவது 99.47°.
தூரம் = 40040 × 99.47/360 = 11060 கி.மீ. (ஏறத்தாழ)

வித்தியாசம் ஏறத்தாழ 3420 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலப் பறப்பு. அதற்கான எரிபொருளும் வேறு. குறுகிய பாதை வட துருவத்துக்கு மிக அருகே செல்வதைப் பூகோள உருண்டையில் நூல் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தே அறியலாம்.

குறிப்பு: கணித்துப் பெறுவது மிகக் குறைந்த தூரமேயாகும். காற்று, வான்பரப்புத் தடை என்பவற்றால் உண்மைப் பாதை நீளக்கூடும். 2022 இல் ரஷ்யா தனது வான்பரப்பை அமெரிக்க விமானங்களுக்கு மூடியபோது அவை சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

பயிற்சி:
மட்ரிட் விமான நிலையமும் ஏறத்தாழ 40° வட அகலக்கோட்டிலேயே, 3°34′ மேற்கில் உள்ளது. பெய்ஜிங்கிற்கான இருவகைத் தூரங்களையும் காண்க. (நெட்டாங்கு வித்தியாசத்தை 120° எனக் கொள்க.)
விடை: அகலக்கோட்டின் வழியே 10220 கி.மீ., பெருவட்டத்தின் வழியே 9250 கி.மீ. (ஏறத்தாழ)