முள்ளிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

டெக்சஸில் லேக் ஃபோர்க் பக்கம் பாஸ் மீன் பிடிக்கப் போவதாகவும், முதல் தூண்டில் ராடு வாங்கக் கடைக்குப் போனால் எதை எடுப்பதென்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாமே கறுப்பாக, மெல்லிசாக, ஏழடி உயரத்தில் ஒன்றுபோலவே நிற்கின்றன. விலை மட்டும் 50 டாலரில் தொடங்கி 500 டாலரையும் தாண்டிப் போகிறது. யாருக்கானாலும் தலை சுற்றத்தான் செய்யும். ஒரு மாடலின் பெயரை எழுதி அனுப்பினால் உன் வேலை இன்றைக்கே முடிந்துவிடும். ஆனால் மாடல்கள் சில வருடங்களில் மாறிவிடுகின்றன, நீ மீன் பிடிக்கும் ஏரியும் மாறலாம். அதனால் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதுகிறேன். ராடைக் கடைசியாக முடிவு செய் என்பதுதான் நான் சொல்ல வருவது. எந்த முள், அந்த முள்ளைச் சுமக்கும் இரை எது, அதைக் கட்டப்போகும் தூண்டில் நரம்பு எது என்று இந்த வரிசையில் யோசித்தால், ராடில் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

ஏன் முள்ளிலிருந்து தொடங்க வேண்டும்? ராடு செய்கிற வேலைகளில், தவறினால் திருத்த முடியாதது முள் ஏற்றுவது ஒன்றுதான். பத்தடி குறைவாக விழுந்த இரையை மறுபடி எறியலாம். துப்பிவிட்டுப் போன மீனைக் கூப்பிட முடியாது. லார்ஜ்மவுத் பாஸ் வாயைச் சட்டென்று விரித்து, இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் மீன். பொய் இரை என்று உணர்ந்தால் அதே வேகத்தில் வெளியே தள்ளிவிடும். இப்போது டெக்சஸ் ரிக் என்ற முறையில் கோத்த பிளாஸ்டிக் புழுவை எடுத்துக்கொள். தடித்த கம்பியில் ஒற்றை முள். செடியில் மாட்டாமல் இருக்க, முள்ளின் முனை புழுவின் உடலுக்குள்ளேயே புதைந்திருக்கும். நீ சுண்டும்போது அந்த முனை முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வரவேண்டும், அதற்குப் பிறகு மீனின் தாடையில் இறங்கவேண்டும். நுனி மட்டும் வளைந்து, அதற்குக் கீழே விறைப்பாக நிற்கிற ராடுதான் உன் கையின் விசையை வீணாக்காமல் அங்கே கொண்டு சேர்க்கும். ஃபாஸ்ட் ஆக்ஷன் என்று எழுதியிருப்பது இதைத்தான். கிராங்க்பெயிட் இதற்கு நேர் எதிர். குட்டி மீன் வடிவில், இழுக்க இழுக்க உடம்பை ஆட்டிக்கொண்டு நீந்தும் இரை அது. வயிற்றிலும் வாலிலும் மெல்லிய கம்பியில் மும்முனை முட்கள் தொங்கும், முனைகள் திறந்தே இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் வந்து அடிப்பதால் பலமாகச் சுண்டவேண்டிய தேவையே இல்லை. விறைத்த ராடால் சுண்டினால், மீன் முழுதாக வாங்குமுன்பே இரையைப் பறித்துவிடுவாய்; அப்படியே மாட்டினாலும், மீன் தலையை உதறும்போது சின்ன முள் பிடித்திருந்த தோல் கிழிந்து கழன்றுவிடும். நடுப்பகுதி வரை வளைந்துகொடுக்கும் மாடரேட் ஆக்ஷன் ராடு அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். மீனும் ஏரியும் அதேதான். முள் மாறியதும் ராடிடம் நாம் கேட்கும் குணம் தலைகீழாகிவிடுகிறது.

இதற்கான சான்று ராடுகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மூங்கில் கோல்களைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியிழை ராடுகள் வந்தன. 1970களின் முற்பகுதியில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் இழையில் ராடு செய்து விற்கத் தொடங்கியது. கடைக்காரர்கள் கிராஃபைட் என்று சொல்வது இதைத்தான். சாதாரணக் கார்பன் இழையே கண்ணாடியிழையைவிட மூன்று மடங்கு விறைப்பானது, எடையும் குறைவு. ராடு மெலிந்தது, கை வலிப்பது குறைந்தது, அடியில் ஈயம் கல்லில் உரசுவதுகூட உள்ளங்கைக்குத் தெரிந்தது. இவ்வளவு மேலான ஒன்று வந்தபின் பழையது மறைந்திருக்கவேண்டும். ஆனால் கிராங்க்பெயிட் எறிகிறவர்கள் கண்ணாடியிழை ராடையோ, இரண்டும் கலந்த ராடையோ இன்றும் தேடி வாங்குகிறார்கள். நிறுவனங்களும் புதிது புதிதாகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. 1993இல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் மீன்பிடிப் போட்டியை வென்ற டேவிட் ஃபிரிட்ஸ், கிராங்க்பெயிட்டில் பெயரெடுத்தவர். அதற்கு மெதுவாக வளையும் ராடுதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். பரிசுப் பணத்தை நம்பி வாழ்கிறவர்கள் பழைய பழக்கத்துக்காக ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு அழமாட்டார்கள். அந்த முள்ளுக்கு அந்த வளைவு வேண்டியிருக்கிறது, அதனால்தான் அது நிலைத்திருக்கிறது.

நரம்பையும் இதோடு சேர்த்தே பார்க்கவேண்டும். நைலான் நரம்பு இழுத்தால் நன்றாக நீளும். பின்னிய பிரெய்டு நரம்பு ஏறக்குறைய நீளவே நீளாது. அதனால் ஒரே ராடு, நைலான் கட்டினால் இளக்கமாகவும் பிரெய்டு கட்டினால் முரட்டுத்தனமாகவும் நடந்துகொள்ளும். அடர்ந்த அல்லி இலைகளுக்கு மேலே ரப்பர் தவளையை இழுக்கிறவர்கள் 50, 65 பவுண்டு பிரெய்டும் ஹெவி என்று எழுதிய உறுதியான ராடும் வைத்திருப்பதற்குக் காரணம், மாட்டிய நொடியே மீனை இலைகளுக்கு வெளியே கொண்டுவர வேண்டியிருப்பதுதான். நம் ஊரில் விரால் பிடிக்கிற இளைஞர்களும் இதே ரப்பர் தவளையை, இதே காரணத்துக்காக, தடித்த ராடில்தான் கட்டுகிறார்கள். லேக் ஃபோர்க் தண்ணீர் நிரம்பியபோது மூழ்கிய மரங்கள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. அங்கே இந்த முரட்டுத்தனம் தேவைப்படும். மிச்சிகன் பக்கம் லேக் செயின்ட் கிளேர் போன்ற தெளிந்த ஏரிகளில் ஸ்மால்மவுத் பாஸ் தேடுகிறவர்கள், 6 அல்லது 8 பவுண்டு மெல்லிய நரம்பில் நுணுக்கமான முள்ளைக் கட்டி, ஸ்பின்னிங் ரீல் பூட்டிய இளகிய ராடால் பிடிக்கிறார்கள். அங்கே ஹெவி ராடால் சுண்டினால் நரம்புதான் அறுந்து வரும்.

இந்த இடத்தில் நீ ஒரு கேள்வி கேட்கலாம்: பெரிய மீன் வந்தால் பெரிய ராடு வேண்டாமா? லேக் ஃபோர்க்கில் 1992இல் 18.18 பவுண்டு பாஸ் ஒன்று பிடிபட்டு டெக்சஸ் மாநிலச் சாதனையானது உண்மைதான். உலகச் சாதனையோ, 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தது அதற்குச் சமமாக நின்றது, அவ்வளவுதான். ஏறத்தாழ எண்பது வருடத்துக்கு ஒருமுறை வருகிற மீனை மனதில் வைத்து ராடு வாங்கக் கூடாது. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. திறந்த நீரில் ஓடும் மீனை அடக்குவது ரீலின் டிராக்; அது நரம்பை அளவாக விட்டுக்கொடுத்து மீனைக் களைக்க வைக்கும். ராடின் பவர், அதாவது உறுதி, தேவைப்படுவது தடித்த முள்ளை ஏற்றவும், செடிக்குள்ளிருந்து மீனைப் பெயர்த்தெடுக்கவும்தான். மீனின் எடை அந்தக் கணக்கில் பின்னால்தான் வருகிறது.

அப்படியானால் ராடிலேயே எழுதியிருக்கிறதே, அதைப் படித்தால் போதாதா என்பாய். கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நீளம், பவர், ஆக்ஷன், நரம்பின் பவுண்டு, இரையின் அவுன்ஸ் எல்லாம் அச்சிட்டிருக்கும். எவ்வளவு பாரத்துக்கு வளையும் என்பது பவர், எந்த இடத்தில் வளையும் என்பது ஆக்ஷன். கடையில் பாதிப்பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். சிக்கல் என்னவென்றால், மீடியம் ஹெவி என்பதற்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொன்றின் மீடியமாக இருக்கும். இதைத் தீர்க்க 2000களின் தொடக்கத்தில் வில்லியம் ஹன்னமன் என்பவர் எளிமையான ஒரு வழி சொன்னார். ராடைக் கிடையாகப் பிணைத்து, நுனியில் சின்னப் பை ஒன்றைத் தொங்கவிட்டு, அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொன்றாகப் போடவேண்டும். ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நுனி தாழும்போது பையில் எத்தனை காசு இருக்கிறதோ அதுதான் பவர். நுனி எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பது ஆக்ஷன். ராடைத் தாங்களே கட்டுகிறவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். கடை ராடுகளில் இந்த எண்ணை அச்சிடும் வழக்கம் வரவில்லை; வந்திருந்தால் உன் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அச்சிட்டதில் ஓரளவு நம்பத்தக்கது இரையின் எடை. அதிலும் ஓரத்தைப் பிடிக்காதே. 3/8 முதல் 1 அவுன்ஸ் என்றிருந்தால், நீ அதிகம் எறியப்போகும் இரை அதன் நடுவில் விழவேண்டும். ஈயத் தலை வைத்த முள்ளான ஜிக்கை எறிவதென்றால், அதன் எடையோடு பின்னால் கோக்கும் பிளாஸ்டிக் வாலின் எடையையும் கூட்டிக்கொள். ஐ.எம்.6, ஐ.எம்.8 போன்ற எண்களை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அவை ஓர் இழை உற்பத்தியாளரின் வணிகப் பெயர்களாகப் பிறந்தவை. இழையின் விறைப்பு ஏற ஏற ராடின் சுவர் மெலியும், படகின் விளிம்பில் ஒருமுறை பலமாக இடித்தாலே உள்காயம் பட்டு, அடுத்த பெரிய இழுப்பில் முறியும்.

நீளத்தையும் இதே வரிசையில்தான் முடிவு செய்யவேண்டும். 1970களில் கலிஃபோர்னியாவின் டீ தாமஸ், செடிப் புதர்களுக்குள் இரையைச் சத்தமில்லாமல் ஊசலாட்டி இறக்கும் ஃபிலிப்பிங் முறையைப் போட்டிகளுக்குக் கொண்டுவந்தார். அதற்கு நீளமான, உறுதியான ராடு வேண்டியிருந்தது; ஃபென்விக் ஏழரை அடியில் தனி ராடே செய்தது. முறை முதலில் வந்தது, நீளம் பின்னால் வந்தது. நீண்ட ராடு தூரம் எறியும், சுண்டும்போது தளர்ந்த நரம்பை வேகமாக வாரும். படகுத்துறைக்கு அடியிலோ கிளைகளுக்கு நடுவிலோ குறி வைக்கவும், மேல்நீரில் இரையை இடவலமாக ஆட்டவும் ஆறரை அடி வசதி.

இவ்வளவும் ஒப்புக்கொண்டாலும், தொடங்குகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ராடு போதும் என்று பலர் சொல்வார்கள். ஏழடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்பார்கள். அந்த ராடைத்தான் நீயும் வாங்கவேண்டும் என்று நானும் சொல்கிறேன், ஆனால் காரணம் வேறு. உன் ஏரியில் மரமும் செடியும் இருக்கின்றன. அங்கே செல்லுபடியாகும் புழு, ஜிக், சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர்பெயிட் எல்லாமே தடித்த ஒற்றை முள் இரைகள். இந்த முட்களுக்கு அந்த ராடு பொருந்துகிறது. பொதுவானது என்று நினைத்து வாங்கினால் கிராங்க்பெயிட்டையும் அதிலேயே கட்டி, மீன் கழன்று கழன்று போக, காரணம் தெரியாமல் திகைப்பாய். போட்டியாளர்கள் படகில் பத்துப் பன்னிரண்டு ராடு அடுக்கியிருப்பதைப் பார்த்தும் மயங்காதே. இரையை மாற்றிக் கட்டும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. உனக்கு அந்த அவசரம் கிடையாது.

விலைக்கும் இதே கணக்குதான். பணம் பெரும்பாலும் எடைக் குறைப்புக்கும், நுனியின் உணர்வுக்கும், நரம்பு ஓடும் வளையங்களின் தரத்துக்கும் போகிறது. அடியில் மெதுவாக இழுக்கும் புழுவிலும் ஜிக்கிலும் மீன் வாங்கியது ஒரு மெல்லிய தட்டாகவோ, நரம்பு பக்கவாட்டில் நகர்வதாகவோ மட்டும் தெரியும். அங்கே உணர்வுக்குக் கொடுத்த காசு மீனாகத் திரும்பி வரும். கிராங்க்பெயிட்டில் மீன் தானே வந்து மோதி ராடை வளைத்துவிடும். அதனால் முதல் ராடுக்கு, அதாவது ஒற்றை முள் ராடுக்கு, உன்னால் முடிந்த அளவு செலவழி, 100 முதல் 150 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். பிறகு கிராங்க்பெயிட்டுக்கென்று வாங்கும்போது மலிவானதே போதும்.

கடையில் ராடைக் காற்றில் ஆட்டிப் பார்ப்பவர்களைக் காண்பாய். அதில் நுனியின் துள்ளல் மட்டும்தான் தெரியும். நீ உன் ரீலை எடுத்துக்கொண்டு போ; பூட்டி, எல்லா வளையங்களிலும் நரம்பைக் கோத்து, கூட வந்தவரிடம் முனையைப் பிடிக்கச் சொல்லி மெல்ல இழு. எங்கே வளையத் தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பார். இழுக்கும்போது ராடைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்காதே. பாரம் முழுவதும் மெல்லிய நுனிப் பகுதிக்குப் போய், நல்ல ராடுகூட முறிந்துவிடும். ரீல் பூட்டிய ராடு கைக்குள் சமநிலையில் நிற்கிறதா, நுனிப்பக்கம் சாய்கிறதா என்றும் பார். சாய்ந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். பஞ்சை வளையங்களுக்குள் விட்டு இழுத்தால் விரிசல் இருக்கும் இடத்தில் பஞ்சிழை சிக்கும். உடைந்தால் மாற்றித் தருவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்று ரசீது போடுமுன் கேட்டுக்கொள்.

கரையில் நின்று எறியப் போகிறாயா, படகிலா என்று நீ எழுதவில்லை. படகென்றால் ஏழடியிலேயே நில். கரையென்றால், உனக்குப் பின்னால் மரக்கிளை எவ்வளவு நெருக்கம் என்று பார்த்து எழுது. ஆறரையா ஏழா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்