எழுதி வைத்த பறவை

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை இருக்கிறது. தூரம் சுமார் 60 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பலர் பேருந்து ஏறி அங்கே போவார்கள். சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். வேர்க்கடலை வாங்கித் தின்பார்கள். மாலையில் திரும்பி விடுவார்கள்.

மலை அடிவாரம் வறண்ட பூமி. ஆனால் உச்சியில் குளிர்ச்சி. மூடுபனி மரங்களை நனைக்கிறது. அதனால் அங்கே பசுமையான காடு இருக்கிறது.

அந்த மரங்களில் ஒரு புறா வாழ்கிறது. நாம் கூரையில் பார்க்கும் மாடப்புறாவை விடப் பெரியது. தலை சாம்பல் நிறம். பின்கழுத்தில் கருப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டம் போல இருக்கும். அதன் பெயர் நீலகிரிக் காட்டுப்புறா. உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் இது உண்டு.

இந்தப் புறாவின் சொந்த வீடு மேற்குத் தொடர்ச்சி மலை. அது நந்தி மலையிலிருந்து வெகு தூரம். இடையில் வயல்கள், ஊர்கள், வெயில் காயும் சமவெளி. பிறகு இந்தப் புறா இங்கே எப்படி வந்தது?

முன்னொரு காலத்தில் ஈரமான காடுகள் இன்னும் அதிக இடத்தில் பரவி இருந்தன. பிறகு கீழே இருந்த நிலம் வறண்டது. குளிர்ந்த காடு மலை உச்சியில் மட்டும் மிஞ்சியது. அதில் இருந்த பறவைகளும் அங்கேயே தங்கி விட்டன. அறிஞர்கள் இப்படிக் கருதுகிறார்கள்.

கடலுக்கு நடுவே தீவு இருக்கும். அது போல, சமவெளிக்கு நடுவே இந்த மலை உச்சி ஒரு தீவு.

நந்தி மலையில் இந்தப் புறா இருப்பது நமக்கு எப்படித் தெரியும்? பறவை பார்ப்பவர்கள் மலை ஏறினார்கள். பார்த்தார்கள். பார்த்ததை எழுதி வைத்தார்கள். அதனால் தெரியும்.

பார்த்தவர்கள் பலர் இருக்கலாம். விறகு பொறுக்கப் போனவர் பார்த்திருப்பார். ஆடு மேய்த்தவர் பார்த்திருப்பார். ஆனால் எழுதி வைக்காத செய்தி, பார்த்தவரோடு போய் விடும்.

எழுதும் வேலை மைசூர் அரசர் காலத்திலேயே நடந்தது. சலீம் அலி புகழ் பெற்ற பறவை அறிஞர். அவர் மைசூர் சமஸ்தானம் முழுவதும் சுற்றினார். எந்த ஊரில் எந்தப் பறவை இருக்கிறது என்று குறித்தார். அந்தக் குறிப்புகள் 1942 முதல் அச்சில் வந்தன. அன்று இருந்த பறவை இன்றும் இருக்கிறதா? அந்தப் பழைய குறிப்புகளைப் பார்த்தால் தெரியும்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கிருந்த அறிஞர்கள் வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன் ஆகியோரும் மற்றவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆய்வு செய்தார்கள். மலை உச்சிப் பள்ளங்களில் உள்ள காட்டுக்குச் சோலை என்று பெயர். அங்கே ஒரு சின்ன நீலப் பறவை வாழ்கிறது. அடர்ந்த நிழலில் தரையை ஒட்டி இரை தேடும். வெளியே எளிதில் வராது.

அறிஞர்கள் மெல்லிய வலை கட்டினார்கள். பறவையைப் பிடித்து அளந்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். பிறகு பறக்க விட்டார்கள். ஒவ்வொரு மலைப் பறவையையும் மற்ற மலைப் பறவையோடு ஒப்பிட்டார்கள்.

பாலக்காட்டில் மலைத்தொடர் அறுந்து ஒரு பெரிய கணவாய் இருக்கிறது. அதன் அகலம் 30 கிலோமீட்டருக்கும் மேல். கணவாய்க்கு வடக்கே உள்ள பறவை வேறு. தெற்கே உள்ள பறவை வேறு. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய். அதையும் தாண்டினால் மூன்றாவது வகை! அகத்தியர் மலைப் பக்கத்தில் வாழும் இந்த வகைக்கு 2017-ல்தான் புதிய பெயர் கிடைத்தது. இந்தப் பறவைகளுக்கு ‘சோலைக்கிளி’ என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் கிளி என்றால் பறவை. ‘சோலை’ நம்முடைய சொல்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம்.

மூன்றும் ஒரே பறவை என்று நினைத்தால், ‘ஒரு மலையில் அழிந்தால் என்ன? அடுத்த மலையில் இருக்கிறதே’ என்று விட்டு விடுவோம். வேறு வேறு என்று தெரிந்தால் அப்படி விட முடியாது. அந்த மலையில் போனால், உலகத்திலேயே போய் விடும்.

சோலைகள் ஏற்கெனவே குறைந்து விட்டன. பல இடங்களில் தேயிலை, தைல மரம், சீகை மரம் நட்டு விட்டார்கள். நந்தி மலை உச்சிக் காடும் சிறியதுதான். ஒரு காட்டை வெட்டலாமா, காக்கலாமா என்ற பேச்சு எழும். அப்போது ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்பார்கள். பதில் ஏட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று முடித்து விடுவார்கள்.

இன்று இந்த வேலையை அறிஞர்கள் மட்டும் செய்யவில்லை. 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. 942 வகைப் பறவைகள் பற்றி அதில் இருக்கிறது. 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் தந்த குறிப்புகளை வைத்து எழுதியது. அவர்களில் மாணவர் உண்டு. வேலைக்குப் போகிறவரும் உண்டு.

நீங்களும் எழுதலாம். நான்கு செய்திகள் போதும்.

என்று பார்த்தீர்கள்?
எங்கே பார்த்தீர்கள்?
என்ன பறவை?
எத்தனை?

இதோ ஒரு மாதிரி:

தேதி: ஜனவரி 12, காலை 6.30 மணி
இடம்: அல்சூர் ஏரிக்கரை
பறவை: நீர்க்காகம்
எண்ணிக்கை: 4

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நிறம், அளவு, அலகு, குரல் இவற்றை எழுதுங்கள். தெரிந்தவரிடம் பிறகு கேட்கலாம். பார்க்காததை மட்டும் எழுதக் கூடாது. நான்கு பறவை பார்த்தால் நான்கு. ஒன்றும் பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை. அதுவும் ஒரு செய்திதான்.

கையெழுத்துப் போட மட்டும் நாம் எழுத்துக் கற்கவில்லை. கண்ணால் கண்டதை நாளை வருபவருக்குச் சொல்லவும் கற்றோம்.

பதில் சொல்லுங்கள்

1. மலை உச்சிக் காட்டை ஏன் தீவு என்கிறோம்?
2. சோலைக்கிளியில் மூன்று வகை உண்டு என்று எப்படித் தெரிந்தது?
3. உங்கள் தெருவில் முன்பு இருந்து இப்போது காணாத பறவை எது? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு நான்கு வரி எழுதுங்கள்.