மவுஸ் இல்லாமல் கணினியை இயக்குவோம்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். படிவத்தில் பாதி நிரப்பியாயிற்று, மவுஸ் நின்றுவிட்டது. கடைகள் அடைத்த பிறகு தேவாரத்தில் புது மவுஸுக்கு எங்கே போவது? பதற்றம் வேண்டாம். கீபோர்டு ஒன்றே போதும். விண்டோஸ் கணினிக்கான வழிகளைக் கீழே தருகிறோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகிப் பாருங்கள்.

1. விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தி, வேண்டிய மென்பொருளின் பெயரைத் தட்டி எண்டர் கொடுத்தால் அது திறக்கும்.

2. படிவத்தில் அடுத்த கட்டத்துக்குப் போக டேப். முந்தைய கட்டத்துக்குத் திரும்ப, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டேப். நாம் நிற்கும் கட்டத்தைச் சுற்றிப் பெரும்பாலும் ஒரு கோடு தெரியும்.

3. சதுரக் கட்டத்தில் டிக் போட ஸ்பேஸ் பார். ஆண், பெண் என்பது போன்ற வட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அம்புக்குறி விசைகள்.

4. மாவட்டப் பட்டியலை விரிக்க, ஆல்ட்டுடன் கீழ் அம்பு. ஆங்கில 'டி' எழுத்தைத் தட்டுங்கள். தஞ்சாவூர், தென்காசி எல்லாம் அதே எழுத்தில்தான் இருக்கும். கீழ் அம்பால் நகர்ந்து தேனியில் நின்று எண்டர் கொடுங்கள்.

5. ஒப்புகைச் சீட்டை அச்சிட, கண்ட்ரோலுடன் 'பி'.

ஒரு எச்சரிக்கை: படிவத்தின் நடுவில் எண்டரைத் தட்டினால், சில தளங்களில் அரைகுறையாகவே படிவம் போய்விடும். எல்லாவற்றையும் சரிபார்த்து, சமர்ப்பிக்கும் பொத்தானுக்கு வந்த பிறகே எண்டர்.

டேப் எட்டாத இடம் வந்தால், இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கேள்விக்கு எண்டர் கொடுங்கள். இனி வலப்பக்க எண் விசைகளே மவுஸ்: 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம்; 5 கிளிக்.

நமக்கு இது அவசரத்துக்கான வழி. பார்வையற்றவர்களுக்கோ இதுவே அன்றாட வழி. திரையில் நகரும் அம்பைக் காண முடியாதவருக்கு மவுஸால் என்ன பயன்? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன், 2006இல் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். டேப் அழுத்த அழுத்த, நிற்கும் இடத்தை அது வாசித்துச் சொல்லும், தமிழையும் வாசிக்கும். கட்டணம் கிடையாது.

இதைப் பழகிய பிள்ளை தன் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அடுத்தவரிடம் சொல்லி நிரப்பச் சொல்ல வேண்டியதில்லை. தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பலாம். அந்தத் தன்மானம் பெரிது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால், எந்தச் சமுதாயத்தவராயினும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிவியுங்கள். மென்பொருளை நிறுவி, முதல் பாடத்தையும் சொல்லித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

மற்றவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பழகுங்கள். கடைசி நாளில் கைகொடுக்கும்.