திருத்துவேலை பழக எங்கே போவது?

சாதாரண தரப் பரீட்சை முடிவு வெளிவந்து இரண்டு கிழமைக்குள், கோண்டாவிலில் இருக்கும் என் திருத்தகத்துக்குத் தகப்பன்மார் வரத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணை, பெடியனை இலத்திரனியல் படிக்க விடப்போறன். எங்கை விடலாம்?" என்று கேட்பார்கள். அதில் பாதிப்பேர் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அயல்வீட்டுப் பிள்ளை போன இடம், அல்லது லண்டனில் இருக்கும் சித்தப்பா சொன்ன படிப்பு. பெடியன் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பான். அவனுக்கு எதில் மனம் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வருடாவருடம் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இருக்கிற வழிகள் பெரும்பாலும் தெரிந்தவைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்தரத்தில் கணிதம் படித்து வெட்டுப்புள்ளி தாண்டியவர்களுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அது புதிதாக ஒன்றை வடிவமைப்பவனை உருவாக்கும் இடம். பழுதைத் தேடிப் பிடிக்கும் கை அங்கே தானாக வந்துவிடாது. அதற்கு அவன் தனியாகப் பழக வேண்டும். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, 2016 இல் அதே அறிவியல் நகரில் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஆகியவை முறையான அடித்தளம் தருபவை. தேசிய தொழில்சார் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். படிப்படியாக ஏறலாம். பயிலுநராகச் சம்பளத்தோடு வேலை பழகும் வழியும் உண்டு. கடைசியாக, ஒரு கடையில் மேசைக்குப் பக்கத்தில் நின்று பழகுவது. அப்படிப் பழகியவர்களும் முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெறலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

இந்த வழிகளில் எதில் விட்டாலும் பெரிய நட்டம் வராது. நான் மறிக்க நினைப்பது இன்னொன்றை: "மூன்று மாதத்தில் திருத்துநர்" என்று பதாகை கட்டி அழைக்கும் குறுங்கால வகுப்புகளை.

அவற்றுக்குத்தான் இப்போது மவுசு. குளிரூட்டிய அறை, வண்ணச் சான்றிதழ், "வெளிநாட்டுக்கும் உதவும்" என்ற ஒரு சொல். தாய் சீட்டுக்காசு எடுத்துக் கட்டுகிறாள். பிள்ளை அங்கே பழகுவது பெரும்பாலும் கழற்றி மாட்டும் வேலை: பழைய திரையை எடு, புதியதைப் போடு, பழைய போர்ட்டை எடு, புதியதைப் போடு. பாகம் சந்தையில் கிடைக்கும்வரை அது ஓடும். கிடைக்காத அன்று அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

அப்படி ஒரு பெடியன் என்னிடம் வந்தான். கமராவுக்கும் எல்.ஈ.டி. பட்டிக்கும் பூட்டுகிற மலிவான தகரப்பெட்டிப் பவர் சப்ளை, 12 வோல்ற், 5 அம்பியர், அவன் கையில் இருந்தது. "பியூஸ் சரி சேர், ஒண்டும் வரேல்லை. போர்ட் போட்டுது, புதுசுதான் வாங்கோணும்" என்றான். அவன் விரல் நுனியில் வெள்ளையாக ஒரு சுட்ட தழும்பு. கேட்டேன். வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டானாம், அப்படியும் தூக்கி அடித்ததாம். எனக்கு நெஞ்சு பதறியது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதை நேராக்கினால் பெரிய கப்பாசிற்றரில் ஏறத்தாழ 325 வோல்ற் நிற்கும். பெட்டி ஒழுங்காக வேலை செய்தால், வயரைக் கழற்றியதும் அந்தச் சேமிப்பு விரைவில் வடிந்துவிடும். வேலை செய்யாத பெட்டியில் அது வடிய வழியில்லாமல் கனநேரம் காத்திருக்கும். செத்த பெட்டிதான் கூடுதலாகக் கடிக்கும். 2 கிலோஓம், 5 வாற் அளவுள்ள தடையி ஒன்றால் முதலில் அதை வடித்து, மீற்றரால் அளந்து பார்த்தபிறகே கைவைக்க வேண்டும். மூன்று மாதத்தில் இந்த ஒரு பாடத்தை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அவனைப் பக்கத்தில் இருத்தி அளந்தேன். கப்பாசிற்றரில் 320க்கு மேல் நின்றது. கட்டுப்படுத்தும் ஐ.சி.யின் ஊட்டக் காலில் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில், ஐ.சி.யை எழுப்பிவிடுகிற தொடக்கத் தடையி அறுந்திருந்தது. சில ரூபாய்ச் சாமான். கப்பாசிற்றரை வடித்துவிட்டு அவனையே மாற்றச் சொன்னேன். 12 வோல்ற் வந்தது. எறியப்போன பெட்டி அது.

இப்படித் தேடும் ஒழுங்குதான் படிப்பு. முதலில் கண்ணும் மூக்கும். கண்ணாடிப் பியூஸ் கறுத்து வெடித்திருந்தால் பின்னால் ஷோர்ட் இருக்கிறது. மின்சாரத்தை நேராக்கும் பிரிட்ஜையும், அதை ஆளிபோல் வெட்டிவிடும் மொஸ்பெற்றையும் அளக்க வேண்டும். டிக் டிக் என்று விட்டுவிட்டு இயங்கினால் வெளியீட்டு டயோட் ஷோர்ட்டாகியிருக்கலாம், அல்லது ஐ.சி.க்கு ஊட்டம் கொடுக்கும் சின்னக் கப்பாசிற்றர் வறண்டிருக்கலாம். சுமை கொடுத்தவுடன் 12 வோல்ற் சரிந்தால் வெளியீட்டுக் கப்பாசிற்றர்களின் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பம் 10 பாகை கூடக்கூட அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நம்மூர்த் தகரக் கூரைக்குக் கீழே மலிவுச் சாமான் கனகாலம் தாங்காது. கடற்காற்றில் பூத்த உப்பும், உள்ளே புகுந்து கருகிய பல்லியும்கூட நான் கண்ட காரணங்கள்தான்.

மொஸ்பெற் வெடித்தால் அதை மட்டும் மாற்றிக் கொளுவுகிறவன், கொளுவிய நொடியிலேயே புதியதையும் வெடிக்கவிடுவான். அது போகும்போது மின்னோட்டத்தை அளக்கும் குறைந்த ஓம் தடையியையும் ஐ.சி.யையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். எல்லாவற்றையும் அளந்து மாற்றிவிட்டு, 100 வாற் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்தே முதன்முதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். குமிழ் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் ஷோர்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. குமிழ் உங்கள் சாமானைக் காப்பாற்றிவிட்டது. ஏன் இப்படி என்று விளங்கிக்கொள்ள ஓமின் விதியும் பொறுமையும் வேண்டும். இரண்டையும் மூன்று மாதத்துக்குள் அடைக்க முடியாது. அடிப்படை தெரிந்த ஒருவன் ஒரு குறிப்பிட்ட கருவியைப் பழக அத்தகைய வகுப்புக்குப் போகலாம். அடிப்படையே இல்லாதவனை அங்கே அனுப்பாதீர்கள்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். நான் கடை மேசையில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். என் மாஸ்டர் பழைய போர்ட்டில் இருந்து நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் கழற்றித் தந்து, "ஏன் நாலு எண்டு யோசிச்சுக்கொண்டு வா" என்றார். விடை கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. இன்றைய பவர் சப்ளையின் வாசலில் நிற்பதும் அதே நாலு டயோட்தான். அந்த மூன்று நாளை எந்தச் சான்றிதழுக்கும் நான் ஈடாக வைக்கமாட்டேன்.

ஆகவே என் முடிவு இது. தொழில்நுட்பக் கல்லூரியிலோ ஜேர்மன் நிறுவனத்திலோ சேருங்கள். பின்னேரங்களில் நல்ல திருத்துநர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். புத்தகம் "கொள்ளளவி" என்பதும் மாஸ்டர் "கப்பாசிற்றர்" என்பதும் ஒரே சாமான் என்று கை உணரும் நாளில் தொழில் பிடிபடும்.

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு சொல். பழுது என்பது ஒளிந்திருக்கும் ஒரு காரணம். அவசரப்படுகிறவனுக்கு அது முகம் காட்டாது. அளந்ததைக் கொப்பியில் எழுதுங்கள். பிழைத்ததையும் எழுதுங்கள். முதல் வருடம் காசு வராது, கை வரும். கை வந்தவனைக் காசு தேடி வரும்.

பெற்றோரே, எங்கேயும் காசு கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். கனநாளாக மின்சாரம் காணாமல் கிடக்கும் பழைய பவர் சப்ளை ஒன்றையும் ஒரு மீற்றரையும் பிள்ளையிடம் கொடுங்கள். சுவரில் கொளுவ விடாதீர்கள். கழற்றிப் பார்க்கட்டும், அளக்கட்டும், பாகங்களின் பெயர் எழுதட்டும். ஒரு கிழமை கழித்தும் அதன் முன்னால் இருந்தால் அவனுக்கு இந்தத் தொழில் பொருந்தும். மூலையில் போட்டுவிட்டால், அவன் மனம் போகும் இடத்துக்கு அவனை விடுங்கள்.