அசமன்பாட்டின் விடையைச் சோதித்தல்

செங்கற்பட்டினின்றும் அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், காஞ்சிமாநகரை அடையுமுன் வாலாஜாபாத் எதிர்ப்படும். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில், பாவு போடுமுன் நெசவாளர் பார்க்கும் கணக்கொன்று உண்டு. அஃது இயற்கணிதத்தார் அசமன்பாடு என்று கூறுவதேயாம்.

ஒரு பாவின் நீளம் 20 கெஜம். புடவை ஒன்றுக்கு 6 கெஜம். தறியிற் பிணைப்பதற்குக் கழிவது 1 கெஜம் என்று கொள்வோம். புடவைகளின் தொகையை 'ப' எனக் குறித்தால், 6ப + 1 ≤ 20 ஆதல் வேண்டும்.

3 இதற்கு விடையாகுமா? 'ப' நின்ற இடத்தில் 3 ஐ இடுக. 18 + 1 = 19; 19 ≤ 20 என்பது மெய். ஆகவே 3 விடையாம். 4 ஐ இட்டால் 25 ≤ 20 என வரும், இது பொய். ஆகவே 4 விடையன்று. சோதனை இவ்வளவே.

எல்லையிற் கவனம் வேண்டும். பாவு 19 கெஜமேயாயின், 3 ஐ இட 19 ≤ 19 மெய்யாகும். 19 < 19 பொய்யாகும். குறியின் கீழுள்ள சிறு கோடு ஒரு புடவையையே தரவும் தவிர்க்கவும் வல்லது. <, > என்னும் குறிகள் ஆங்கிலக் கணித அறிஞர் தாமஸ் ஹாரியட் இறந்தபின் 1631 இல் வெளிவந்த அவரது நூலில் முதன்முதற் காணப்பட்டன.

நிற்க. மாணாக்கர் பலர் இடறும் இடம் வேறொன்றுண்டு. முதற்கணக்கையே மீதியைக் கொண்டு 20 − 6ப ≥ 1 என்றும் எழுதலாம். இருபுறமும் 20 ஐக் கழிக்க, −6ப ≥ −19. இனி −6 ஆல் வகுக்குங்கால் குறி திரும்பி, ப ≤ 19/6 என்றாகும். திருப்ப மறந்தவன் ப ≥ 19/6 என்றெழுதி, 4 ஐ விடையெனத் துணிவான். தான் எழுதிய இறுதி வரியில் 4 ஐ இட்டுப் பார்த்தால் பிழை புலப்படாது, அவ்வரியே பிழையன்றோ? முதல் வரியில் இடுக: 20 − 24 = −4; −4 ≥ 1 என்பது பொய். பிழை அக்கணமே வெளிப்படும். ஆதலின் சோதனை என்றும் கொடுத்த அசமன்பாட்டிலேயே செய்யத்தக்கது.

இன்னுமொன்று. 3.1 ஐ இட்டால் 19.6 ≤ 20 மெய்யே; எனினும் புடவையிற் பத்திலொரு பங்கை விற்பாரில்லை. எண் பொருந்துதல் வேறு, பொருள் பொருந்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவோனே கணக்கறிந்தவன். தாளிற் செய்த பிழையை அழித்தெழுதலாம். நான்காம் புடவை பாதியில் நிற்கப் பட்டு தீர்ந்துவிடின், அதனை அழித்தெழுத வழியில்லை.