பாசி தின்ன எதை வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைக் கொளத்தூரின் மீன் தொட்டிக் கடைகள் பக்கம் போனால் இதைத் தவறாமல் பார்க்கலாம். பிள்ளைக்கு மீன் தொட்டி வேண்டும். அம்மாவுக்கோ வீட்டில் இன்னொரு வேலை கூடிவிடக் கூடாது. “கண்ணாடிய யாரு தேய்க்கிறது? அழுக்கு திங்கிற மீன் ஒண்ணு போடுங்க, அப்பத்தான் வாங்குவேன்” என்கிறார். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. விரல் நீளத்தில் புள்ளி விழுந்த கறுப்பு மீன் ஒன்றைக் கவருக்குள் விட்டு, ஆக்சிஜன் நிரப்பி, ரப்பர் பேண்டை முறுக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார். “சக்கர், மேடம். தொட்டி சுத்தமா இருக்கும்.”

இன்னொரு கூட்டம் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன். தொட்டி வைக்கப்போகிறோம் என்று வரும் மாணவர்கள் இப்போதெல்லாம் கேள்வியோடு வருவதில்லை, முடிவோடு வருகிறார்கள். ஜப்பான் பாணிச் செடித் தொட்டி வீடியோ பார்த்தாயிற்று, அமானோ இறால் வாங்கியே ஆகவேண்டும். அங்கே அம்மா முடிவு செய்கிறார், இங்கே செல்போன். தொட்டியில் வளர்வது என்ன பாசி, ஊற்றப்போவது என்ன தண்ணீர், மே மாதத்தில் அந்த அறை எவ்வளவு சூடாகும் என்று இரண்டு பேரும் கேட்பதில்லை.

ஃபில்டர், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது, விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியாமல் பார்த்துக்கொள்வது, ஜன்னல் வெயில் நேரே விழாத இடம், தீவனத்தில் கட்டுப்பாடு, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். இவை சரியில்லாத தொட்டிக்கு எந்த உயிரை வாங்கிப் போட்டாலும் காசுக்குத்தான் கேடு. மேயும் பிராணி பாசியை மாயமாக்குவதில்லை. தின்று எச்சமாகப் போடுகிறது. அந்த எச்சத்தில் உள்ள சத்திலேயே அடுத்த பாசி வளர்கிறது.

முதலில் பாசியைப் பாருங்கள். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பொடி படியும். அது டயாட்டம். விரல் பட்டாலே வந்துவிடும், பெரும்பாலும் தானாகவே ஓய்ந்தும் போகும். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைப் புள்ளி அப்படியல்ல, சுரண்டப் பழைய பிளேடு வேண்டும். செடிகளில் நூல்நூலாகத் தொங்குவது இழைப்பாசி. இலை விளிம்பிலும் ஃபில்டர் வாயிலும் கறுப்பாக மயிர் மயிராக முளைப்பது கருந்தாடிப் பாசி. கறுப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. நீலப்பச்சையில் வழவழவென்று படலம் விரித்து நாறுவது சயனோபாக்டீரியா, பாசியே இல்லை. அதை எந்த மீனும் விரும்பித் தொடாது. தண்ணீரே பச்சையாகிவிட்டதென்றால் அதை மேயவும் மீன் கிடையாது. வெளிச்சத்தைக் குறைப்பதும், முடிந்தால் புறஊதா விளக்கு வைத்த ஃபில்டர் போடுவதும்தான் வழி. கடைசி இரண்டில் ஏதாவது ஒன்றுதான் உங்கள் தொல்லை என்றால் கடைக்கே போக வேண்டாம்.

இனி சக்கர். இதைப் பற்றி அதிகம் எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் அதிகம் விற்பது இதுதான்.

நம் கடைகளில் சக்கர் என்று கிடைப்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் பேரினத்து மீன். தென் அமெரிக்க ஆறுகள் அதன் ஊர். கடையில் விரல் நீளம் இருப்பது நன்றாக வளர்ந்தால் 30 செ.மீ. தாண்டும், 40 செ.மீ.யும் ஆகும். வீடுகளில் பரவலாக இருக்கும் இரண்டடித் தொட்டியின் அகலம் ஓரடி, அதாவது 30 செ.மீ. முழு வளர்ச்சியடைந்த சக்கர் அதற்குள் திரும்பிப் படுக்கவே இடமில்லை. “தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும், சார்” என்று உடனே ஒரு பதில் வரும். இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் கெட்ட தொட்டிகள் ஏராளம். நெருக்கடியிலும் கழிவு சேர்ந்த தண்ணீரிலும் மீனின் வளர்ச்சி குன்றும் என்பது உண்மை. அதற்கு நோஞ்சானாகிச் சீக்கிரம் சாகிறது என்று பொருள். ஒழுங்காக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணி அது.

குட்டியாக இருக்கும்போது சக்கர் பாசி மேயும், மறுக்கவில்லை. வளர வளர அதற்குத் தீவனத்தின் ருசி தெரிந்துவிடுகிறது. பகல் முழுக்கக் கட்டைக்கடியில் கிடந்துவிட்டு, விளக்கணைத்த பிறகு மற்ற மீன்கள் விட்டுவைத்த தீவனத்தைத் தேடி வரும். தின்ற வேகத்துக்குக் கழியவும் வேண்டுமே. காலையில் பார்த்தால் மணல் முழுக்கக் கயிறு கயிறாக எச்சம். சுத்தம் செய்ய வாங்கிய மீனுக்குப் பின்னால் நீங்கள் குழாய் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருப்பீர்கள். கோல்ட்ஃபிஷ், டிஸ்கஸ் மாதிரி அகலமான, மெதுவாக நீந்தும் மீன்கள் கூட இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. சில சக்கர்கள் இரவில் அவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் கோழையை உறிஞ்சப் பழகிவிடும். மறுநாள் விலாவில் காயத்தோடு நிற்கும் கோல்ட்ஃபிஷ்ஷுக்கு நீல மருந்து ஊற்றுவார்கள். காரணம் கட்டைக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கும்.

வளர்ந்தபின் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதைவிடப் பெரிய கவலை. கொல்ல மனம் வருவதில்லை. பக்கத்து ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும், நமக்கும் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். பிழைத்துத்தான் கொள்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலையில் ஏறுகிறது. திருவனந்தபுரத்துச் சாக்கை கால்வாயிலும் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நீர்நிலைகளிலும் இது குடியேறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பை வழியாகவே சுவாசிக்கும். வெளியே எடுத்துப் போட்டாலும் ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் சாகாது. உடல் முழுக்க எலும்புத் தகடு. மார்புத் துடுப்பின் முள்ளை விறைத்துக்கொண்டால் வலை கிழியும். முட்டையிடக் கரையில் வளை தோண்டுவதால் மண்கரை இளகும். சந்தையில் வாங்க ஆளும் இல்லை. மெக்சிகோவின் இன்ஃபியர்நில்யோ நீர்த்தேக்கத்தில் திலேப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலையை இந்த இனம்தான் நிரப்பி, அவர்களுடைய தொழிலைப் படுக்க வைத்தது. இவ்வளவுக்கும் ஆரம்பம் தொட்டி சலித்துப்போன யாரோ ஒருவராக இருக்கலாம் என்று நினைக்கும்போது, கவரில் கட்டித் தரப்படும் அந்த விரல் நீள மீனைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கேட்பவர் கேட்கும்வரை விற்பவர் விற்பார். வீட்டில் ஏற்கெனவே பெரிதாகிவிட்ட சக்கர் இருந்தால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் வாங்கிக்கொள்வார்கள். ஏரியும் வேண்டாம், கோயில் குளமும் வேண்டாம்.

அந்த உருவம்தான் பிடிக்கிறது என்றால் பிரிஸில்நோஸ் இருக்கிறது. 12 முதல் 15 செ.மீ.யோடு நின்றுவிடும், ஆணுக்கு மூக்கின் மேல் மீசை கிளைக்கும், பெரியதானாலும் பாசி மேய்வதை விடாது. மரக்கட்டை ஒன்றும் அவ்வப்போது வெள்ளரித் துண்டும் போட்டால் மூன்றடித் தொட்டியில் நிம்மதியாக இருக்கும்.

சக்கருக்கு அடுத்தபடியாக ஏமாறுவது பொன்னிற ஆல்ஜி ஈட்டரிடம். சைனீஸ் ஆல்ஜி ஈட்டர் என்றும் ஹனி சக்கர் என்றும் பெயர் சொல்வார்கள். செவுளுக்கு மேலே தண்ணீரை உள்ளே இழுக்கத் தனித் துளை இருப்பதால் வாயைக் கல்லிலிருந்து எடுக்காமலே சுவாசிக்கத் தெரிந்த மீன். வகுப்பில் காட்டுவதற்கு அருமையான பிராணி. தொட்டியில் வளர்ந்த பிறகு அது ரவுடி. 25 செ.மீ. வரை நீண்டு, பாசியை மறந்து, மற்ற மீன்களைத் துரத்தி ஒட்டும். உண்மையில் கருந்தாடியைத் தின்பது சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர். உடலின் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடுகிறதா, துடுப்புகள் நிறமில்லாமல் கண்ணாடியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முதுகுத் துடுப்பில் கறுப்பும் வெள்ளை விளிம்பும் இருந்தால் அது ஃபிளையிங் ஃபாக்ஸ், உறவுக்காரன்தான், வேலைக்கு ஆகாது. சயாமீஸும் 15 செ.மீ. வரை வளரும், துள்ளும், மூடி வேண்டும். வயதானால் அதற்கும் தீவன ருசி வந்துவிடும்.

ஓட்டோ அழகான குட்டி மீன், 4 செ.மீ.தான். டயாட்டத்துக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து அனுப்பப்படுகிறது, பட்டினியோடு வந்து சேர்கிறது, புதுத் தொட்டியில் சில நாளில் செத்துவிடுகிறது. ஆறு மாதமாவது ஓடிய தொட்டி இல்லாதவர்கள் ஓட்டோ பக்கம் போக வேண்டாம்.

இறால் விஷயத்தில் என் மாணவர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். அமானோ இறாலைத் தொட்டி உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1980களில் செடித் தொட்டிக்குப் புது இலக்கணம் எழுதியவர், 2015-ல் காலமானார். இழைப்பாசிக்கு அவர் தேர்ந்தெடுத்த உயிரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய தொட்டிகள் இருந்தது ஜப்பானில். சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. இல்லாத அறையின் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 31, 32 டிகிரி போகும். இந்த இறால்களுக்குச் சுகமானது 25 டிகிரியை ஒட்டிய தண்ணீர். மேலே சின்ன ஃபேன் வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும், கடலோரப் புழுக்கத்தில் அதுவும் குறைவு. மீனுக்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்து இறாலைக் கொன்றுவிடும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நம் சமவெளி ஊர்களுக்கு நான் சிபாரிசு செய்வது நெரைட் நத்தை. கண்ணாடியின் பச்சைப் புள்ளியைச் சுரண்டி எடுக்கும் பல்வரிசை நாக்கு அதற்கு இருக்கிறது, வேறெதற்கும் அந்தப் பலம் இல்லை. செடியைத் தொடாது. பெருகாது, ஏனென்றால் அதன் குஞ்சு வளர உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணீர் வேண்டும். கட்டையிலும் கல்லிலும் எள் தூவியதுபோல வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும் என்பதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. நம் போர்வெல் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் மற்ற மீன்கள் வளர்ப்பவர்களுக்குத் தலைவலி, நத்தைக்கு அதுவே ஓடு. சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். மென்மையான தண்ணீரில் ஓடு அரிக்கும், தொட்டியில் கொஞ்சம் கிளிஞ்சல் போட்டுவையுங்கள்.

அதே கடினத் தண்ணீருக்குப் பிறந்ததுபோல் இன்னொரு மீன் இருக்கிறது, பாசி தின்னும் பட்டியலில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. கறுப்பு மோலி. மலிவு, நம்மூரிலேயே பெருக்குகிறார்கள், 30 டிகிரியைப் பொருட்படுத்தாது, இலையிலும் கண்ணாடியிலும் படியும் மெல்லிய பாசியை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். குட்டி போட்டுத் தள்ளும் என்பது உண்மைதான், பெண் மீன்களை மட்டும் வாங்கினாலும் சில மாதத்துக்குக் குட்டி வரும். அதனாலோ என்னவோ மோலிக்கு மவுசு இல்லை. அகப்பட்டதை விழுங்கும் ஃபிளவர்ஹார்ன், அரோவானா வைத்திருப்பவர்களுக்கு மோலியும் கிடையாது நத்தையும் கிடையாது, பிளேடுதான்.

சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் ஒன்று புரிகிறது. பாதித் தேர்வு மீனைப் பற்றியது, மீதி உங்களைப் பற்றியது. ஊருக்குப் போனால் பத்து நாள் வராதவரா, தினம் அரை மணி தொட்டி முன் உட்காரப் பிடிப்பவரா, கண்ணாடி தேய்ப்பதை வேலை என்று நினைப்பவரா, இளைப்பாறல் என்று நினைப்பவரா? வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடம் தொட்டி பாழாவதையும், கடைசி பெஞ்சுப் பையன் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றி ஓட்டோவைக்கூட நிலைக்க வைப்பதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு இந்தப் பக்குவம் இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் சுத்தம் செய்யும் வேலையை ஒரு மீனின் தலையில் கட்டுவது எந்த வயதுப் பிள்ளைக்கும் நல்ல பாடம் இல்லை. அவசரம் வேண்டாம். தொட்டியைத் தண்ணீரும் ஃபில்டருமாக ஒரு மாதம் ஓடவிட்டு, ஓரிரண்டு சாதாரண மீன்களோடு தொடங்கி, என்ன பாசி வருகிறது என்று பார்த்தபின் மேயும் உயிரைத் தேடுங்கள். பாசி வராத தொட்டியில் நத்தை பட்டினி கிடக்கும்.

நத்தை வாங்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டி நகர்ந்துகொண்டிருப்பதைத்தான் கேட்க வேண்டும், மணலில் மல்லாந்து கிடப்பதை அல்ல. கையில் வாங்கி மோந்து பாருங்கள், நாறினால் உள்ளே செத்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கவரைத் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நம் தண்ணீரைக் கலந்து, நத்தையை மட்டும் எடுத்து வாய் கீழே இருக்கும்படி வையுங்கள். கடைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு மறக்க வேண்டாம். அன்றிரவு மூடியைச் சரியாகப் போடுங்கள். முதல் நாளிலேயே ஏறி வெளியே போகக்கூடியது, காலையில் சோபாவுக்கடியில் தேட வேண்டியிருக்கும்.